ஐபோனில் ஓடுகிறது, பிரவுசிங் சென்டரில் சத்தம் மட்டும் வருகிறது: எந்த கோடெக்கை நிறுவுவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். போச்சம்பள்ளி பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறீர்கள். பெங்களூரா கன்றுக்கு மென்தண்டு ஒட்டுக் கட்டுவதை ஐபோனில் மூன்று நிமிட வீடியோவாக எடுத்து, கோப்புப் பெயரின் கடைசியில் இருந்த எம்ஓவி என்பதை எம்பி4 என்று மாற்றி, உங்கள் வலைத்தளத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். ஐபோனில் நன்றாக ஓடுகிறது. வீட்டிலுள்ள புது லேப்டாப்பில் குரோமில் ஓடுகிறது, அதே லேப்டாப்பில் எட்ஜில் ஓடவில்லை. தர்மபுரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் குரோமில் திறந்தால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. கன்று வாங்க வந்த விவசாயி ஒருவரின் பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆரம்பிக்கவே இல்லை. வாடிக்கையாளர்களை எந்த கோடெக்கை இன்ஸ்டால் செய்யச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: ஒரே கோப்பு, ஒரே குரோம், ஆனாலும் கணினிக்குக் கணினி ஏன் மாறுகிறது, யாரும் எதையும் நிறுவாமல் எல்லா இடத்திலும் ஓடும்படி அந்தக் கோப்பை எப்படித் தயாரிப்பது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் எதையும் நிறுவச் சொல்லாதீர்கள். பார்ப்பவர் பக்கம் சரி செய்ய வேண்டியது எதுவும் இல்லை, கோப்பைத்தான் மாற்ற வேண்டும். எச்.264 முறையில் சுருக்கிய படம், ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி, எம்பி4 உறை, நிறத்தின் நுணுக்கத்தைக் குறிக்கும் 8 பிட், நிற விவரத்தைக் குறைத்து வைக்கும் 4:2:0 முறை என்று ஒரு பிரதி எடுத்து ஏற்றினால் நீங்கள் சொன்ன எல்லா இடங்களிலும் ஓடும். நீங்கள் எழுதிய அறிகுறிகளில் பிரவுசிங் சென்டர் விஷயமும் எட்ஜ் விஷயமும் கிட்டத்தட்ட உறுதி: உங்கள் வீடியோ எச்இவிசி, அதாவது எச்.264-க்குப் பின் வந்த எச்.265 என்ற சுருக்கும் முறை. பழைய போன் விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு எச்இவிசி காரணமாகலாம், 4கே அளவு காரணமாகலாம், 10 பிட் காரணமாகலாம், கோப்பின் தலைப்புப் பகுதி கடைசியில் கிடப்பதும் காரணமாகலாம். கோப்பின் விவரத்தைப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். நல்லவேளையாக, கீழே சொல்லும் ஒரே மாற்றம் இந்த நான்கையும் சேர்த்தே தீர்த்துவிடும்.

பெயரை எம்பி4 என்று மாற்றியதால் உள்ளே எதுவும் மாறவில்லை. எம்பி4, எம்ஓவி, வெப்எம், எம்கேவி எல்லாம் கூடைகள். கூடைக்குள் இருப்பது பெங்களூராவா நீலமா என்பது கூடையின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் மாறாது. ஒரு வீடியோ கோப்புக்குள் குறைந்தது இரண்டு தனித்தனி ஓடைகள் இருக்கின்றன, படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனி முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைதான் கோடெக். பிரவுசர் கூடையைப் பிரிக்கும், இரண்டு ஓடைகளையும் எடுக்கும், ஒவ்வொன்றையும் விரிக்க ஆள் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்கும். ஒலி ஏஏசி, அதற்கு எல்லா இடத்திலும் ஆள் உண்டு. படம் எச்இவிசி, அதற்கு அந்தப் பிரவுசிங் சென்டர் கணினியில் ஆள் இல்லை. குரோம் இந்த நிலையில் பிழை காட்டாமல், முடிந்ததை மட்டும் ஓட்டும். அதனால்தான் சத்தம் வந்து படம் கறுத்து நின்றது.

இப்போது "ஆள்" எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கலாம், ஏனென்றால் முழுக் குழப்பமும் இங்கேதான். "குரோம் எச்இவிசியை ஆதரிக்கிறதா?" என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். வீடியோவை விரிக்கும் வேலை மூன்று இடங்களில் நடக்கக்கூடும். ஒன்று, பிரவுசரே தன்னோடு கொண்டுவரும் மென்பொருள். இரண்டு, விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளம் தரும் வசதி. மூன்று, கிராபிக்ஸ் சிப்புக்குள் அதற்கென்றே செதுக்கப்பட்ட பகுதி. எந்தக் கோடெக்குக்கு எந்த இடத்தை நம்புவது என்பதை ஒவ்வொரு பிரவுசரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறது. குரோம் எச்.264, விபி8, விபி9, ஏவி1 ஆகிய கோடெக்குகளை விரிக்கும் மென்பொருளைக் கையோடு கொண்டுவருகிறது. அதனால் சிப் பழையதாக இருந்தாலும் பிராசசரை வைத்து எப்படியாவது ஓட்டிவிடும். குரோமின் திறந்த மூல வடிவமான குரோமியத்தில், யார் தொகுத்தது என்பதைப் பொறுத்து எச்.264 கூட இல்லாமல் போகலாம், அதற்குக் காரணம் காப்புரிமை. பயர்பாக்ஸ் விண்டோஸில் எச்.264-க்கு விண்டோஸோடு வரும் மீடியா பவுண்டேஷன் என்ற வசதியையும், லினக்ஸில் நிறுவியிருக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ விரிக்கும் நூலகத்தையும் நம்புகிறது. ஆகவே மீடியா வசதிகள் இல்லாமல் வரும் விண்டோஸின் 'என்' பதிப்பில் மீடியா பீச்சர் பேக் போடாவிட்டால் பயர்பாக்ஸில் சாதாரண எம்பி4 கூட ஓடாது. லினக்ஸில் அந்த நூலகம் இல்லாவிட்டால் அதே கதை. அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் பாஸ் லினக்ஸும் வந்தது. அதை இன்னும் பயன்படுத்தும் வீடுகளில் "யூடியூப் ஓடுகிறது, இந்தத் தளத்து வீடியோ மட்டும் ஓடவில்லை" என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எச்இவிசிக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. ஆப்பிள் 2017-இல் ஐஓஎஸ் 11 வழியாக எச்இவிசியைத் தன் கருவிகளில் கொண்டுவந்தது. ஐபோன் 7 முதல் கேமராவும் அதிலேயே பதிவு செய்கிறது. சஃபாரியில் ஓடுவது அதனால்தான். இந்தியாவில் ஐபோனில் குரோம் போட்டுப் பார்த்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் பிரவுசர் எஞ்சினான வெப்கிட்தான், ஆகவே "ஐபோன் குரோமில் ஓடுகிறதே" என்பது எதற்கும் சாட்சியாகாது. கணினிக் குரோமில் எச்இவிசி 2022 இறுதியில் வந்த 107-ஆம் பதிப்பிலிருந்து உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: கிராபிக்ஸ் சிப் விரித்துக் கொடுத்தால் மட்டும். மென்பொருள் வழி கிடையாது. எட்ஜ் குரோமின் எஞ்சினையே வைத்திருந்தாலும் எச்இவிசிக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனியாக இருக்கும் எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பொதியை எதிர்பார்க்கிறது. அது பல கணினிகளில் இருக்காது. உங்கள் லேப்டாப்பில் குரோம் ஓட்டி எட்ஜ் ஓட்டாததற்கு இதுவே காரணம். பயர்பாக்ஸ் விண்டோஸில் இதை 2025 ஜனவரியில் வந்த 134-ஆம் பதிப்பில்தான் சேர்த்தது, அதுவும் ஹார்டுவேர் வழியாகத்தான்.

பிரவுசிங் சென்டர் கணினியில் சிப் கைகொடுக்காததற்கு மூன்று காரணங்கள் வழக்கமாக இருக்கும். முதலாவது, சிப்பே பழையது. எச்இவிசி தரநிலை முடிவானதே 2013-இல். அதற்கு முன் செய்த சிப்பில் அது இருக்க வழியில்லை. இன்டெலில் 6-ஆம் தலைமுறையில்தான் 8 பிட் எச்இவிசி முழுமையாக வந்தது, 10 பிட்டுக்கு 7-ஆம் தலைமுறை வேண்டும். இரண்டாவது, கிராபிக்ஸ் டிரைவர் இல்லை. கணினியை ஃபார்மட் செய்து விண்டோஸைப் போட்டுவிட்டு டிரைவரைப் போடாமல் விட்டால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கும். திரை தெரியும், டைப் செய்யலாம், பிரிண்ட் எடுக்கலாம், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வீடியோ விரிக்கும் பகுதி தூங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது, திரை மினுக்குகிறது என்று யாரோ குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் 'கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்' சுவிட்சை அணைத்திருப்பார்கள். அணைத்த அந்தக் கணமே குரோமில் எச்இவிசி போய்விடும். எச்.264 மட்டும் பிராசசர் வழியாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதை நேரில் பார்த்தே உறுதி செய்யலாம். குரோமின் முகவரிப் பட்டையில் குரோம்://ஜிபியு என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, வரும் நீண்ட பக்கத்தில் 'வீடியோ ஆக்சிலரேஷன் இன்ஃபர்மேஷன்' என்ற அட்டவணைக்கு இறங்குங்கள். 'டிகோட்' என்று தொடங்கும் வரிகளில் எச்இவிசி மெயின் என்று இருந்தால் 8 பிட் ஓடும், மெயின் 10 என்றும் இருந்தால் 10 பிட்டும் ஓடும். எதிரே எந்தப் பட அளவு வரை என்பதும் எழுதியிருக்கும். வரியே இல்லாவிட்டால் அந்தக் கணினியில், அந்த நிலையில், குரோமுக்கு எச்இவிசி கிடையாது. பயர்பாக்ஸில் அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் மீடியா பகுதியில் இதே விவரம் உண்டு.

இவ்வளவு சிக்கல் ஏன் என்று தோன்றும். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தரநிலையில் வீடியோ குறிச்சொல் உண்டு, எந்தக் கோடெக் கட்டாயம் என்பது இல்லை. தியோரா என்ற இலவசக் கோடெக்கைப் பரிந்துரைக்கும் எண்ணம் முதலில் இருந்தது. ஆப்பிள் அதை ஏற்கவில்லை, பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லாவும் ஓபராவும் உரிமத் தொகை காரணமாக எச்.264-ஐ ஏற்கவில்லை, 2009-இல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். கூகுள் 2010-இல் விபி8-ஐயும் வெப்எம்மையும் இலவசமாக வெளியிட்டது. 2011 ஜனவரியில் குரோமிலிருந்து எச்.264-ஐ நீக்கப்போவதாகவும் அறிவித்தது, ஆனால் நீக்கவில்லை. போன்களில் எல்லாம் எச்.264 சிப் வந்துவிட்டதால் 2012-இல் மோசில்லாவும் இறங்கிவந்தது. ஆகவே எச்.264 எல்லா இடத்திலும் ஓடுவது யாரும் விதித்த சட்டத்தால் அல்ல, நடைமுறையில் எல்லோரும் வந்து சேர்ந்த இடம் அது. எச்இவிசிக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. காப்புரிமை வைத்திருப்பவர்கள் பல தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து தொகை கேட்டார்கள். பிரவுசர் நிறுவனங்கள் அந்தச் செலவை ஏற்காமல், சிப்புக்கும் இயங்குதளத்துக்கும் ஏற்கெனவே உரிமம் இருந்தால் அதைப் பயன்படுத்துகிறோம் என்று ஒதுங்கிக்கொண்டன. 2015-இல் கூகுள், மோசில்லா, மைக்ரோசாஃப்ட், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், சிஸ்கோ, இன்டெல் சேர்ந்து கூட்டணி அமைத்து 2018-இல் ஏவி1-ஐக் கொண்டுவந்தது இந்த வெறுப்பில்தான்.

கோடெக் பேக் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கோடெக் பொதிகள் விண்டோஸின் பழைய டைரக்ட்ஷோ முறைக்கானவை. குரோமும் பயர்பாக்ஸும் அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. விஎல்சி நிறுவினாலும் அது தன் வீட்டுக்குள் மட்டும் விரித்துக்கொள்ளும், பிரவுசருக்குக் கடன் தராது. அதைவிட, "வீடியோ பார்க்க இந்த கோடெக்கை நிறுவுங்கள்" என்று ஒரு தளம் சொல்வது வைரஸ் பரப்புபவர்களின் பழைய உத்தி. உங்கள் நர்சரித் தளத்தில் அப்படி ஒரு வரி இருந்தால், விவரம் தெரிந்தவர் தளத்தையே சந்தேகிப்பார், விவரம் தெரியாதவர் தேடிப்போய் எதையாவது நிறுவி மாட்டிக்கொள்வார். அந்த வரி வேண்டவே வேண்டாம்.

இனி வேலைக்கு வரலாம். முதலில் கையிலிருக்கும் கோப்பைப் பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச நிரலில் திறந்தால் வீடியோ பகுதியில் ஃபார்மட், ஃபார்மட் புரொஃபைல், பிட் டெப்த், குரோமா சப்சாம்பிளிங் (மேலே சொன்ன 4:2:0) என்று வரிகள் வரும். உங்கள் கோப்பில் எச்இவிசி என்று இருக்கும். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் மெயின் 10, 10 பிட் என்றும் இருக்கலாம், ஏனென்றால் அவற்றில் வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகப் பதியும் எச்டிஆர் வீடியோ வசதி உண்டு. விஎல்சியில் ஓட்டிக்கொண்டே கண்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்தினாலும் கோடெக் பெயர் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி எடுத்த பிரதியை வைத்துச் சோதிக்காதீர்கள். வாட்ஸ்அப் வழியில் அதைச் சுருக்கி மாற்றிவிடும். "நண்பருக்கு அனுப்பினேன், அவருக்கு ஓடியது" என்பது வேறு கோப்பைப் பற்றிய செய்தியாகிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் மூலக் கோப்பு அப்படியே போகும்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் போதும், இலவசம். கோப்பைத் திறந்து, பிரிசெட் பட்டியலில் ஜெனரல் பகுதியில் 'ஃபாஸ்ட் 1080பி30' அல்லது 'ஃபாஸ்ட் 720பி30' எடுங்கள். உங்கள் தேவைக்கு 720 போதும் என்பது என் கருத்து. அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் பார்ப்பார்கள் என்றால் 720-ஐத்தான் சொல்வேன். சம்மரி பக்கத்தில் ஃபார்மட் எம்பி4 என்று இருக்க வேண்டும், 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். வீடியோ பக்கத்தில் என்கோடர் 'எச்.264 (எக்ஸ்264)'. அதே பட்டியலில் 'எச்.264 10 பிட்' என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். பெயர் எச்.264 ஆனாலும் அதை விரிக்கப் பெரும்பாலான போன் சிப்களால் முடியாது. ஃபிரேம்ரேட் 30, கான்ஸ்டன்ட். போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவு செய்யும். அதை நிலையாக்கினால் பேச்சும் வாயசைவும் விலகிப்போகும் தொல்லை குறையும். தர எண்ணான ஆர்எஃப் 22-இல் தொடங்குங்கள். எண் குறையக் குறையத் தெளிவும் கூடும், கோப்பும் பெருக்கும். ஆடியோ பக்கத்தில் ஏஏசி, ஸ்டீரியோ, 128 கிலோபிட். பேச்சுக்கு இது தாராளம்.

ஒட்டுக் கட்டும் வீடியோவுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. பார்ப்பவருக்கு வேண்டியது கத்தி வெட்டின் சாய்வும், வேர்ச்செடியின் பிளவில் ஒட்டுக்குச்சியின் ஆப்பு பட்டை பட்டையோடு ஒட்டி உட்காருவதும், பாலித்தீன் நாடாவைச் சுற்றும் இறுக்கமும்தான். ஆனால் பின்னணியில் நூற்றுக்கணக்கான கன்றுகளின் இலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் சுருக்கும் நிரல் தன் பங்கில் பெரும்பகுதியை அந்த இலைகளுக்கே செலவழிக்கும். ஃபிரேமுக்கு ஃபிரேம் என்ன மாறியது என்பதைத்தான் அது எழுதிவைக்கிறது, ஆடும் இலைகளில் எல்லாமே மாறுகிறது. நிழல்வலையின் நுண்ணிய கண்ணிகளும் அப்படித்தான், கேமரா சற்று அசைந்தாலும் வலை முழுவதும் நெளியும். ஆர்எஃப் முறையில் கோப்பு பெரிதாகும், அளவைக் கட்டுப்படுத்தினால் கைவிரல் அருகே கட்டம் கட்டமாக உடையும். பின்னால் ஒரு வெற்றுச் சாக்கையோ சுவரையோ வைத்து, போனை ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்தால், அதே ஆர்எஃப் எண்ணில் கோப்பு வெகுவாகச் சிறுக்கும், கை வேலையும் தெளிவாக இருக்கும். கோடெக்கை மாற்றி மிச்சப்படுத்துவதைவிட இப்படி எடுப்பதில் மிச்சமாவது பல நேரம் அதிகம். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சராசரி 2 மெகாபிட் வேகத்தில் மூன்று நிமிடம் என்றால் 180 பெருக்கல் 2, 360 மெகாபிட், எட்டால் வகுத்தால் 45 எம்பி.

அடுத்த முறை எடுக்கும்போது ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்தால் எச்.264-லேயே பதிவாகும். ரெக்கார்ட் வீடியோ பகுதியில் எச்டிஆர் வீடியோவை அணையுங்கள். எச்டிஆரில் எடுத்ததைச் சாதாரண வீடியோவாக மாற்றும்போது நிறம் வெளிறிப்போக வாய்ப்பு அதிகம், பச்சை இலை சாம்பல் பூத்தது போலாகும், கன்று விற்பவருக்கு அது ஆகாது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் கேமரா செட்டிங்ஸில் எச்.265 அல்லது 'ஹை எஃபிஷியன்சி வீடியோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் அணைக்கலாம். ஏற்கெனவே எடுத்தவை இதனால் மாறாது, அவற்றை ஹேண்ட்பிரேக்கில்தான் மாற்ற வேண்டும்.

'வெப் ஆப்டிமைஸ்டு' டிக் சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் பழைய போனில் ஆரம்பிக்கவே இல்லை என்ற புகாருக்கு அடிக்கடி அதுதான் காரணம். எம்பி4 கோப்பில் எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு, தொடக்கத்தில் தலைப்புப் பகுதி என்று சொன்னது இதைத்தான். பதிவு முடிந்த பிறகே அதை எழுத முடியும் என்பதால் அது இயல்பாகக் கோப்பின் கடைசியில் போய் உட்கார்ந்துவிடும். அது வராமல் பிரவுசரால் முதல் ஃபிரேமைக் கூடக் காட்ட முடியாது. சர்வர் ஒத்துழைத்தால் கடைசிப் பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்கும், இல்லாவிட்டால் முழுக் கோப்பும் இறங்கக் காத்திருக்கும். அந்த டிக் அட்டவணையை முன்னால் கொண்டுவருகிறது. சர்வர் பக்கமும் இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள்: கோப்பை 'வீடியோ/எம்பி4' என்ற வகையாக அனுப்புகிறதா, துண்டு துண்டாகக் கேட்டால் 206 என்ற பதிலோடு கொடுக்கிறதா. ஐபோன் சஃபாரி முதலில் சில பைட்டுகளை மட்டும் கேட்டுப் பார்க்கும். சர்வர் அதைப் புரிந்துகொள்ளாமல் முழுதையும் தள்ளினால் ஓட்டாது. கோப்புப் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

தளத்தை உருவாக்கியவர் "எச்இவிசியை முதலிலும் எச்.264-ஐ அடுத்தும் வைத்தால் பிரவுசரே ஓடுவதை எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லக்கூடும். பாதி உண்மை. வீடியோ குறிச்சொல்லுக்குள் பல சோர்ஸ் வரிகள் இருந்தால் பிரவுசர் மேலிருந்து கீழே வந்து, தன்னால் முடியும் என்று நினைக்கும் முதல் வரியில் நின்றுவிடும். வகை என்ற இடத்தில் வெறும் 'வீடியோ/எம்பி4' என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே எச்இவிசி இருப்பது அதற்குத் தெரியாது. கேன்பிளேடைப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையால் கேட்டால் 'மேபி' என்றுதான் பதில் வரும். கோப்பைத் திறந்து, ஒலி கிடைத்ததும் அதையே ஓட்டத் தொடங்கும். பிழை எழாததால் அடுத்த வரிக்குப் போகவே போகாது. எச்.264 பிரதி கீழே தயாராக இருந்தும் கறுப்புத் திரை வரும் வினோதம் இதுதான். ஆகவே வகையோடு கோடெக்கின் முழுக் குறியீட்டையும் எழுத வேண்டும். எச்இவிசி என்றால் ஆப்பிளுக்கு எச்விசி1 என்ற அடையாளம் வேண்டும், எச்இவி1 என்று குறித்த கோப்பை சஃபாரி ஓட்டாது. ஜாவாஸ்கிரிப்டில் முன்கூட்டியே கேட்க மீடியா கேபபிலிட்டீஸ் என்ற வசதி இருக்கிறது. ஓடுமா, தடங்கலின்றி ஓடுமா, மின்சாரத்தை மிச்சப்படுத்தி ஓடுமா என்ற மூன்று கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் தரும். ஓடத் தொடங்கிய பிறகு வீடியோவின் அகலம் பூஜ்யம் என்று வந்தால் படம் விரியவில்லை என்று அர்த்தம். அதை வைத்து எச்.264 பிரதிக்கு மாற்றும்படியும் எழுதலாம்.

ஏவி1, விபி9 பிரதிகளும் வேண்டுமா என்றால், ஒரு மூன்று நிமிட வீடியோவுக்கு வேண்டாம். ஏவி1 கோப்பு சிறியது என்பது உண்மைதான். ஆனால் இன்டெலில் 11-ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்களில் அதை விரிக்கும் பகுதி கிடையாது, பிராசசர்தான் உழைக்க வேண்டும், பழைய லேப்டாப்பில் விசிறி இரையும். சஃபாரியில் ஏவி1 ஓடுவது ஐபோன் 15 புரோ, எம்3 மேக் போன்ற, சிப்பிலேயே அது இருக்கும் கருவிகளில் மட்டும். நூற்றுக்கணக்கான வீடியோக்கள், நிறையப் பார்வையாளர்கள், டேட்டா செலவு கையைக் கடிக்கிறது என்ற நிலை வரும்போது யோசித்தால் போதும். வீடியோவைக் காட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் யூடியூபில் ஏற்றித் தளத்தில் பதிப்பது இன்னும் எளிது. நீங்கள் எச்இவிசி கொடுத்தாலும் அவர்கள் பல கோடெக்கில் பிரதி எடுத்து, ஆளுக்கேற்பக் கொடுப்பார்கள். ஓடும் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பார்த்தால் கோடெக்ஸ் வரியில் ஏவிசி1 (எச்.264), விபி09 (விபி9), ஏவி01 (ஏவி1) என்று கணினிக்குத் தகுந்தபடி மாறியிருப்பதை நீங்களே காணலாம்.

நர்சரியில் சிசிடிவி இருந்து அதைப் பிரவுசரில் பார்க்க முயன்றால் இதே கறுப்புத் திரை வரலாம் என்பதால் ஒரு வார்த்தை: ரெக்கார்டர் செட்டிங்ஸில் மெயின் ஸ்ட்ரீம் எச்.265-இல் இருக்கட்டும், ஹார்டு டிஸ்க் மிச்சமாகும். சிறிய அளவில் வரும் இரண்டாவது ஓடையான சப் ஸ்ட்ரீமை மட்டும் எச்.264-க்கு மாற்றிப் பிரவுசரில் அதைத் தேர்ந்தெடுங்கள். கேமராவின் நேரலைக்கான ஆர்டிஎஸ்பி முகவரியை நேராகப் பிரவுசரில் போட்டால் எந்தக் கோடெக்காக இருந்தாலும் ஓடாது.

புதுப் பிரதியை ஏற்றியதும் பழைய பெயரையே வைக்காமல் புதுப் பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்பே மறுபடி ஓடி உங்களைக் குழப்பும். அந்தப் பிரவுசிங் சென்டர் குரோம், உங்கள் எட்ஜ், அந்தப் பழைய போன் மூன்றிலும் திறந்து பாருங்கள். அப்போதும் ஓடாவிட்டால் மீடியாஇன்ஃபோவில் ஃபார்மட், புரொஃபைல், பிட் டெப்த், குரோமா சப்சாம்பிளிங், ஆடியோ ஃபார்மட் என்ற ஐந்து வரிகளையும், ஓடாத கருவியின் பிரவுசர் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். படம் வந்து சத்தம் மட்டும் வராவிட்டால் அதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள், அது ஏசி-3 அல்லது டிடிஎஸ் ஒலியின் அடையாளம், அதற்குத் தீர்வு ஆடியோ பக்கத்தில் ஏஏசி தேர்ந்தெடுப்பது மட்டும்தான்.